காண்பன, அறிவன

பூபாலன் அறுபத்தேழு வருஷம் யாருடைய அனுமதியும் இல்லாமல் உயிரோடு இருந்துவிட்டார். அவர் செய்த தப்பு அதுதான். அதில் முப்பத்தோரு வருஷம், திருக்கழுக்குன்றத்துக்குப் பக்கத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆய்வக உதவியாளராக இருந்தார். ஆய்வகம் என்றதும் பெரிய ஆராய்ச்சி என்று நினைத்துவிடாதீர்கள். பிள்ளைகள் நாசம் பண்ணிவிட்டுப் போகிற சோதனைக்குழாய்களைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிற வேலை. அமிலத்திலும் காரத்திலும் ஊறி ஊறி அவருடைய பத்து விரல் நுனியும் வழவழவென்று ஆகிவிட்டன. ரேகை என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. அரசாங்க வேலையில் தேய்ந்துபோன ரேகையை அரசாங்கமே ஒருநாள் கேட்கும் என்று அந்த மனுஷனுக்கு எப்படித் தெரியும்?

கேட்டது. ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை, தாங்கள் இன்னும் சாகவில்லை என்று நேரில் வந்து காட்ட வேண்டும். அதற்கென்றே மாநில உயிர்ச்சான்று வாரியம் என்று புதிதாக ஒன்றைத் தொடங்கி, செங்கல்பட்டில் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் கிளை திறந்திருந்தார்கள். லிஃப்ட் கிடையாது. மூன்று மாடி ஏறி வந்து நிற்கிறவர் உயிரோடுதான் இருக்க வேண்டும் என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் வாரியத்துக்கே வேலை இருந்திருக்காது.

ரேகை இயந்திரம் பூபாலனின் பத்து விரலையும் பார்த்துவிட்டுப் பத்து தடவை சிவப்பு விளக்கு காட்டியது. கண்ணைப் பார்க்கிற இயந்திரமோ, புரை எடுத்த கண்ணைக் கண்ணென்றே ஒப்புக்கொள்ளவில்லை. உயிர்ச்சான்று அலுவலர் உலகநாதன் பெருந்தன்மையாகச் சிரித்தார். கவலை வேண்டாம், இப்படிப்பட்டவர்களுக்காகத்தான் வாரியம் நிற மாற்ற முறையைக் கொண்டுவந்திருக்கிறது என்று சொல்லிப் பக்கத்து ஹாலுக்கு அனுப்பினார்.

நிற மாற்ற முறை பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். தெளிந்த சுண்ணாம்பு நீரை ஒரு பீக்கரில் எடுத்து ஸ்ட்ரா வழியாக ஊதினால், மூச்சில் இருக்கும் கரியமில வாயு பட்டு அது பால்போல வெளுக்கும். பிணம் ஊதாது. ஆகவே வெளுத்தால் ஆள் இருக்கிறார், வெளுக்காவிட்டால் இல்லை. இந்த யோசனையைச் சொன்ன அதிகாரிக்கு விருது கொடுத்ததாகச் சுவரில் படம் மாட்டியிருந்தார்கள். முதல் வாரத்தில் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் உற்சாகம் தாங்காமல் ஊதித் தள்ளியிருக்கிறார். வெளுத்த தண்ணீரில் மேலும் மேலும் ஊதினால் அது திரும்பத் தெளிந்துவிடும்; அதுவும் பாடத்தில் உள்ளதுதான். வாரியத்தின் பதிவேட்டில், அவர் பத்து இருபதுக்கு உயிரோடு வந்து பத்து இருபத்தைந்துக்குக் காலமானதாக எழுதிவிட்டார்கள்.

ஹாலில் நீள மேசை. யாரும் திருடிக்கொண்டு போய்விடாதபடி பன்னிரண்டு பீக்கர்களையும் மேசையோடு சங்கிலி போட்டுக் கட்டியிருந்தார்கள். ஒவ்வொரு பீக்கருக்கும் முன்னால் ஒரு முதியவர் ஸ்ட்ராவைக் கடித்துக்கொண்டு கன்னம் உப்ப ஊதிக்கொண்டிருந்தார். பூபாலனுக்கும் ஓர் இடம் கிடைத்தது. ஒரு படிவமும் கிடைத்தது. படிவத்தைப் பார்த்ததும் அவருக்குப் பழைய சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது. சோதனை, காண்பன, அறிவன என்று மூன்று கட்டம். பள்ளிக்கூடத்து ரெக்கார்டு நோட்டில் முப்பத்தோரு வருஷம் பார்த்த அதே மூன்று கட்டம். செய்த சோதனையை அவர்களே அச்சடித்திருந்தார்கள். கண்ணால் கண்டதைக் காண்பன என்ற கட்டத்தில் விண்ணப்பதாரர் தம் கையால் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதிலிருந்து என்ன தெரிகிறது என்பதை, அறிவன என்ற கட்டத்தில், அலுவலர் எழுதுவார்.

மேசை ஓரத்தில் இருந்த பெரிய பாட்டிலைப் பார்த்ததுமே பூபாலனுக்குச் சங்கதி புரிந்துவிட்டது. மூடியைக் காணோம். தண்ணீரின் மேல் வெள்ளையாக ஆடை கட்டிக் கிடந்தது. அந்தச் சுண்ணாம்பு நீர் மாசக்கணக்கில் திறந்து கிடந்து, ஹாலுக்கு வந்துபோன அத்தனை பேருடைய மூச்சையும் ஏற்கெனவே குடித்து முடித்திருந்தது. இனி யார் ஊதினாலும் அதில் ஒன்றும் நடக்காது.

இருந்தாலும் சோதனை என்றால் செய்துதானே பார்க்க வேண்டும்? ஊதினார். குமிழி வந்தது. கொஞ்சம் நிறுத்தி, இருமலை அடக்கிக்கொண்டு, மறுபடி ஊதினார். ஆசிட் புகையில் கிடந்த நெஞ்சு, கொஞ்சம் இழுத்தது. தண்ணீர் அப்படியே இருந்தது. ஆனால் இடப்பக்கத்துக்காரருக்கு வெளுத்திருந்தது, வலப்பக்கத்துக்காரருக்கும் வெளுத்திருந்தது. எப்படி என்று நிமிர்ந்து பார்த்தார். வாரியத்தின் அலுவலக உதவியாளர் சின்னையன், வெற்றிலையைக் கன்னத்தில் அதக்கிக்கொண்டு, டீக்கடைப் பால் டம்ளரோடு வரிசையாக வந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு பீக்கரிலும் அரை ஸ்பூன்.

பூபாலன் தம் பீக்கரைக் கையால் மூடினார்.

"இன்னா அண்ணாத்த, கைய எடு. அர ஸ்பூனு வுட்டா வேல முடிஞ்சிது. வூட்டுக்குப் போய்க்கினே இருக்கலாம்."

"இது பால் பா."

"பால் மாரி ஆவணும்னுதான போட்டுகீது? நான் பாலே ஊத்துறேன். அதுக்கு மேல இன்னா வோணும் உனுக்கு?"

பூபாலன் கையை எடுக்கவில்லை. சின்னையனுக்கு முகம் சுருங்கிவிட்டது. இத்தனை பேரை உயிரோடு வைத்திருக்கிற கையைத் தட்டிவிட்டால் யாருக்குத்தான் கோபம் வராது? போய்யா என்று முனகிக்கொண்டு அடுத்த பீக்கருக்குப் போய்விட்டார். பூபாலன் பேனாவை எடுத்துக் காண்பன என்ற கட்டத்தில், அழகான குண்டு எழுத்தில், 'நிற மாற்றம் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஏனய்யா அப்படி எழுதினாய் என்று நீங்கள் தலையில் அடித்துக்கொள்வது எனக்குத் தெரிகிறது. அவருக்கு வேறு மாதிரி எழுத வராது. செய்முறைத் தேர்வில் ஆய்வக உதவியாளர்கள் இருமுகிற வழக்கம் எல்லாப் பள்ளியிலும் உண்டு. பிள்ளை கையில் இருக்கும் உப்பு செம்பா துத்தநாகமா என்று தெரியாமல் முழிக்கும்போது, உதவியாளர் குழாய் கழுவுகிற பாவனையில் ஓர் இருமல் இருமுவார். ஒன்று என்றால் ஒன்று, இரண்டு என்றால் இன்னொன்று. பிள்ளை பிழைத்துக்கொள்ளும். முப்பத்தோரு வருஷத்தில் பூபாலன் ஒரு தடவைகூட இருமியதில்லை. கண்டதை எழுது என்பார், அவ்வளவுதான். அவருடைய ஒரே மகள் ரூத் அதே பள்ளியில் ப்ளஸ் டூ எழுதினாள். அவளுக்கு வந்தது அலுமினியம். துத்தநாகத்துக்கும் வெள்ளைதான் வரும், அலுமினியத்துக்கும் வெள்ளைதான் வரும். எது என்று தெரியாமல் அப்பாவை நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்தாள். பூபாலன் திரும்பி நின்று குழாய் கழுவினார். அவள் துத்தநாகம் என்று எழுதினாள். அந்த மார்க்கில் நர்ஸிங் சீட்டு கைநழுவிப் போனது. பத்தொன்பது வருஷம் ஆகிறது.

இப்படிப்பட்ட மனுஷன் பாலை ஊற்றிவிட்டு வெளுத்தது என்று எழுதுவாரா?

படிவம் உலகநாதனிடம் போனது. அவர் படித்தார். சோதனை: ஊதப்பட்டது. காண்பன: நிற மாற்றம் இல்லை. கொஞ்சமும் தயங்காமல் அறிவன என்ற கட்டத்தில் 'உயிர் இல்லை' என்று எழுதி முத்திரை குத்தினார். பூபாலன் எதிரே நின்றுகொண்டு, சார், அந்தச் சுண்ணாம்புத் தண்ணி கெட்டுப்போய் ரொம்ப நாள் ஆகிறது, புதிதாகக் கரைத்து வைத்தால் வெளுக்கும் என்று எடுத்துச் சொன்னார்.

உலகநாதன் பொறுமையாகக் கேட்டார். "தண்ணி செத்துப்போச்சுன்னு எழுத எனக்கு அதிகாரம் இல்ல சார். ஆள் செத்துட்டார்னு எழுத இருக்கு. அதுவும் நானாவா எழுதினேன்? உங்க கையெழுத்து."

ரெண்டு வழி இருக்கிறது என்று உலகநாதனே ஆறுதலாகச் சொன்னார். ஒன்று, விண்ணப்பதாரரையும் அவர் தகப்பனார் பெயரையும் அறிந்த, உறவினர் அல்லாத இருவர் வந்து சாட்சிக் கையெழுத்துப் போடலாம். இல்லையென்றால் மேல்முறையீடு. இரண்டும் இல்லாமல் பதினைந்து நாள் போனால், நாமினியாக எழுதிக் கொடுத்திருப்பவருக்கு வாரியம் இரங்கல் தெரிவிக்கும். நாமினி என்ற இடத்தில் ரூத் பெயர் இருந்தது.

ஓய்வூதியம் நிற்பது அவரை அவ்வளவாக உலுக்கவில்லை. ரூத்துக்கு இரங்கல் போகும் என்றதுதான் உலுக்கியது. அப்பாவுக்கும் மகளுக்கும் சண்டை என்று ஒன்றும் நடந்ததில்லை. ரூத் வேறு படிப்புப் படித்து, திருப்போரூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே கல்யாணமாகி இருந்துவிட்டாள். மனைவி சாராள் இருந்தவரை ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை போனில் மகளோடு பேசிவிட்டு, இந்தா உன் நைனா பேசறாரு என்று இவர் கையில் திணிப்பாள். இவர் சாப்டியா என்பார். அவள் சாப்ட்டேன் என்பாள். அவ்வளவுதான், ஆனால் அது நடந்தது. சாராள் போய் நாலு வருஷம். போனைத் திணிக்க ஆளில்லை. இவர் கூப்பிடவில்லை, அவளும் கூப்பிடவில்லை. இப்போது அவருக்கு வருகிற ஒரே போன், லோன் வேண்டுமா என்று கேட்கிற பெண்ணிடமிருந்து வருகிறது. அவள் சொல்வதை முழுசாகக் கேட்டுவிட்டு, நீ சாப்டியாம்மா என்று கேட்பார். அவள் வைத்துவிடுவாள்.

ரூத் நான்கு வருஷம் கழித்து அப்பாவைப் பற்றிக் கேள்விப்படுகிற முதல் சேதி, அப்பா செத்துப்போனார் என்பதா? அதுவாவது பரவாயில்லை. அந்தச் சேதி போய்ச் சேர்ந்தும் அவள் வராமல் இருந்துவிட்டால்? பஸ்ஸில் திரும்பும்போது பூபாலன் இதைத்தான் நினைத்தார். நினைத்த மாத்திரத்தில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாட்சி இரண்டு பேர் என்பது முதலில் சுலபமாகத்தான் தெரிந்தது. வீட்டுக்கு வந்து ஒரு தாளில் தெரிந்தவர்கள் பெயரை எழுத உட்கார்ந்தார். கூட வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் வாரியத்துக்கு முன்பே முறைப்படி காலமாகிவிட்டார்கள். மிச்சப் பேர் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று தெரியவில்லை. மாடி போர்ஷனில் அணுபுரத்துக்கு வேலைக்குப் போகிற பையன்கள் மூன்று தடவை மாறிவிட்டார்கள். இவர்களுக்கு இவர் கீழ் வீட்டுக்காரர். நாலு வருஷமாகக் காலையும் இரவும் இட்லி வாங்குகிற ஜோதிலட்சுமியிடம் போய் நின்றார். எனக்கு ஒரு கையெழுத்துப் போடணும்மா என்றதும் அந்த அம்மா நல்ல மனசோடு கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினாள். வாங்கிவிட்டு நின்றாள்.

"அண்ணாத்த, உன் பேரு இன்னா?"

பெயரைச் சொன்னார். இட்லி நாலு, சட்னி தனியா, காரம் வாணாம், அதெல்லாம் தெரியும், பேரு கேக்கணும்னு தோணல பாரு என்று அவள் வருத்தப்பட்டாள். கையெழுத்தும் போட்டுத்தான் கொடுத்தாள். ஆனால், விண்ணப்பதாரரை எவ்வாறு அறிவீர் என்ற இடத்தில் அவள் உண்மையை எழுதிவிட்டாள். 'நாலு இட்லி.' வாரியம் அதை ஏற்கவில்லை.

மிச்சம் இருந்தது மேல்முறையீடு. அதற்கான அமர்வு வாரியத்தின் ஆண்டு விழாவோடு சேர்த்து மாமல்லபுரத்தில், கடற்கரையை ஒட்டிய ஒரு ரிசார்ட்டின் குளிரூட்டிய ஹாலில் நடந்தது. மேல்முறையீட்டுக்காரர்கள் பதினேழு பேர். அவர்களைக் கடைசி வரிசையில், 'அளவீட்டின்படி காலமானோர்' என்று எழுதிய அட்டைக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள். காபி, பிஸ்கட் தட்டு அந்த வரிசைக்கு முன்னால் வரை வந்து திரும்பிப் போனது. தப்பு சொல்ல முடியாது. கணக்குப்படி அது வீண்தானே?

வாரியத்தின் ஆணையர் விஜயகுமாரி அம்மையார் சிறப்புரை ஆற்றினார். நல்ல கணீரென்ற குரல்.

"முன்பெல்லாம் நம் மாநிலத்தில் யார் வேண்டுமானாலும் உயிரோடு இருக்கலாம் என்ற நிலை இருந்தது. எந்த ஒழுங்கும் இல்லை, எந்த ஆவணமும் இல்லை. அதை மாற்றியிருக்கிறோம். இன்று ஒருவர் உயிரோடு இருக்கிறார் என்றால், அதற்குப் பின்னால் ஒரு பீக்கர் இருக்கிறது, ஒரு படிவம் இருக்கிறது, ஓர் அலுவலரின் உழைப்பு இருக்கிறது. எங்கள் அளவீட்டில் பிழை என்று சிலர் பேசுகிறார்கள். வாரியம் தொடங்கிய நாளிலிருந்து இன்றுவரை, இறந்தவர் ஒருவர்கூட முறையாகப் புகார் அளித்ததில்லை என்பதைப் பணிவோடு சொல்லிக்கொள்கிறேன்."

முன்வரிசை எழுந்து நின்று கைதட்டியது. கடைசி வரிசையிலும் ரெண்டு பேர் தட்டினார்கள், பழக்கதோஷம்.

மேல்முறையீட்டுக்கு வேறு நிறம். தண்ணீரில் துளி சுண்ணாம்பு நீரும் பினாப்தலீனும் விட்டு இளஞ்சிவப்பாக்கி வைத்திருந்தார்கள். மூச்சுப் பட்டால் அந்தச் சிவப்பு வெளிறிக் காணாமல் போய்விடும். பூபாலனுக்கு இதைப் பார்த்ததும் தெம்பு வந்தது. நல்ல கரைசல், அப்போதுதான் கலந்தது. மேடை ஏறினார். நெஞ்சு இழுக்க இழுக்க ஊதினார். நிறம் மெல்ல வெளிறி, ரோஜாப்பூ வாடுகிற மாதிரி வாடி, கடைசியில் பச்சைத் தண்ணீராக நின்றது. ஆணையர் பார்த்தார், ஹாலே பார்த்தது. பூபாலனுக்குக் கண் நிறைந்துவிட்டது. ரூத்துக்கு இரங்கல் போகாது.

அப்போது புகைப்படக்காரர் கையைத் தூக்கினார். அவர் அந்தச் சமயம் ஆணையரை எடுத்துக்கொண்டிருந்தாராம், பீக்கரை எடுக்கத் தவறிவிட்டாராம். வெறும் தண்ணீரை எடுத்தால் ஆண்டு விழா மலரில் எடுப்பாக இருக்காது என்று வேறு சொன்னார். ஆணையர் தலையசைத்தார். உலகநாதன் ஓடிப்போய் ரெண்டு சொட்டு சுண்ணாம்பு நீர் விட்டார். பீக்கர் மறுபடி பளிச்சென்று சிவந்தது. பூபாலன் ஸ்ட்ராவை வாயில் வைத்தார், ஆணையர் பக்கத்தில் நின்று புன்னகைத்தார், பளிச். அடுத்தவர் வரலாம் என்றார்கள்.

தீர்ப்பு மூன்றாம் நாள் வந்தது. மேல்முறையீட்டாளர் ஊதிய பின்னரும் கரைசல் சிவப்பாகவே இருப்பது இணைக்கப்பட்ட புகைப்படத்தில் ஐயமற விளங்குவதால், முந்தைய முடிவு உறுதி செய்யப்படுகிறது. புகைப்படம் உண்மையில் நன்றாகத்தான் வந்திருந்தது. பூபாலனைவிடப் பீக்கர் தெளிவாகத் தெரிந்தது.

பதினைந்தாம் நாள் காலையில் பூபாலன் மறுபடி மூன்று மாடி ஏறினார். நாஸ்தாகூடப் பண்ணவில்லை, ஜோதிலட்சுமி கடைப் பக்கமே போகவில்லை. வழக்கு வேண்டாம், ஓய்வூதியம் வேண்டாம், என்னைச் செத்தவனாகவே வைத்துக்கொள்ளுங்கள், அந்தப் பிள்ளைக்கு மட்டும் சொல்லிவிடாதீர்கள் என்று உலகநாதனிடம் கேட்டார். உலகநாதனுக்கு இரக்கம் இல்லாமல் இல்லை. ஆனால் இரங்கல் கடிதம் போய்ச் சேர நாளாகிறது என்று பொதுமக்கள் குறைப்பட்டதால், வாரியம் இப்போது தொலைபேசியிலேயே இரங்கல் சொல்லும் வசதியைக் கொண்டுவந்திருக்கிறது என்றார். பட்டியலில் இன்று இவர் பெயர்தான் முதல் பெயர். வந்தது வந்தார், உட்காரட்டும்.

"ஒண்ணு மட்டும் சார். நீங்க பேசக்கூடாது. காலமானவர் குரல் பதிவாச்சுன்னா அழைப்பு செல்லாது, நான் மறுபடி முதல்லேருந்து இரங்கணும்."

பூபாலன் பெஞ்சில் உட்கார்ந்தார். உலகநாதன் எண்ணை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டார். சின்னையன் கதவோரம் நின்று வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். மணி அடித்தது. நாலு வருஷத்துக்குப் பிறகு பூபாலன் மகள் குரலைக் கேட்டார். ஹலோ என்றாள். அந்த ஹலோவில் சாராள் இருந்தாள்.

உலகநாதன் தாளைப் பார்த்துப் படித்தார். "வணக்கம். தங்கள் தந்தையார் திரு பூபாலன் அவர்கள் வாரியத்தின் அளவீட்டின்படி காலமாகிவிட்டார். வாரியம் தன் ஆழ்ந்த இரங்கலைத் தெரிவித்துக்கொள்கிறது. இரங்கல் தெளிவாகக் கேட்டதா?"

பூபாலன் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். வைத்துவிடுவாள் என்று நினைத்தார். லோன் பெண் வைப்பதைப் போல டக்கென்று வைத்துவிடுவாள்.

"எப்ப சார்?" என்றாள் ரூத். குரல் வேறு யாருடையதோ போல இருந்தது.

"பதினொன்றாம் தேதி, காலை பதினொன்றே கால். இதே அலுவலகத்தில், ஊதும்போது. நிற மாற்றம் ஏற்படவில்லை. அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்."

"அவரே எழுதினாரா?" அடுத்த கேள்வியையும் கேட்டாள். "மத்தவங்களுக்கு இன்னா ஆச்சு? வெளுத்துதா?"

"எல்லோருக்கும் வெளுத்தது."

"பக்கத்துல இருக்கறவனுக்கெல்லாம் வெளுத்துக்கினு இருக்கசொல்ல, அவரு மட்டும் குந்திக்கினு வெளுக்கலன்னு எழுதினாரா?"

"ஆமாம்."

"அப்ப அது எங்க நைனாதான்" என்றாள் ரூத். சொல்லிவிட்டு அழுதாள். உலகநாதன் தாளைப் புரட்டிப் பார்த்தார். அழுதால் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று அதில் போட்டிருக்கவில்லை.

பூபாலன் மகள் அழுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேசக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். விதி என்று சொல்லிவிட்டால் அவர் மீறாதவர். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரிதான், அவள் தெரியாமல் தவிக்க, இவர் திரும்பி நின்றார். இன்றைக்கும் அவளுக்கு விடை தெரியவில்லை. இவருக்குத் தெரியும்.

ஓர் இருமல் இருமினார்.

அழுகை நின்றது. "யாரு சார் அது? யாரு இருமினது?"

உலகநாதன் பெஞ்சைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். பொய் சொல்ல அவருக்கு அதிகாரம் இல்லை. "காலமானவர்" என்றார்.

பிறகு ரூத் ரொம்ப மெதுவாகப் பேசினாள். "அன்னிக்கி ஒரு தபா இருமியிருந்தா நான் நர்ஸாயிருப்பேன் சார். அன்னிக்கி இருமல. இன்னிக்கி இருமறாரு." மூக்கை உறிஞ்சினாள். "அவர எங்கயும் வுட்டுறாதீங்க. நான் வந்துகினே இருக்கேன்."

திருப்போரூரிலிருந்து செங்கல்பட்டுக்கு பஸ் கிடைத்து, மூன்று மாடி ஏறி, அவள் வந்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. பரிசோதனை நிலையத்து வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. காதோரம் ரெண்டு நரை. பூபாலன் எழுந்து நின்றார். மறுபடி உட்கார்ந்தார். அவள் நேரே உலகநாதனிடம் போய், இவர்தான் எங்கப்பா, உயிரோடு இருக்கிறார், நான் சாட்சி என்றாள். நாமினி சாட்சி சொல்ல முடியாது, உறவினர் கூடாது என்று விதி எண்ணோடு சொன்னார் அவர். ரூத் சண்டை போடவில்லை. அப்பாவின் படிவத்தை வாங்கி, அந்தக் குண்டு எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சரி சார், செத்தவராவே இருக்கட்டும். நான் இட்டுக்கினு போலாமா?"

உலகநாதன் முகம் தெளிந்தது. அதற்கு விதி இருந்தது. காலமானவரை எடுத்துச் செல்ல நாமினிக்கு முழு உரிமை உண்டு, கட்டணம் ஏதுமில்லை. ஒரு பதிவேட்டைத் திருப்பி வைத்தார். ரூத், 'பெற்றுக்கொண்டேன்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டு, அப்பாவைப் பெற்றுக்கொண்டாள்.

கீழே டீக்கடையில் உட்கார்ந்தார்கள். பின்னாலேயே சின்னையன் இறங்கி வந்தார். என்ன நினைத்தாரோ, இடுப்பு மடிப்பிலிருந்து சுண்ணாம்பு டப்பியை எடுத்துப் பூபாலன் முன்னால் வைத்தார். "அன்னிக்கே கேட்டிருந்தா குடுத்திருப்பேன்ல" என்று சொல்லிவிட்டு, பால் வாங்கப் போனார். அவ்வளவு நாளும் வாரியத்துக்கு வேண்டிய சுண்ணாம்பு அந்த இடுப்பில்தான் இருந்திருக்கிறது.

ரூத் ஒரு டீ கிளாஸில் தண்ணீர் வாங்கி, விரலால் சுண்ணாம்பைக் கரைத்து வைத்தாள். கலங்கலாக நின்றது. தெளியட்டும் என்றார் பூபாலன். தெளிகிறவரை இருவரும் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பஸ்கள் போயின, வந்தன. அரை மணி நேரம் கழித்து மேலே நின்ற தெளிவை அவள் வேறு கிளாஸில் சிந்தாமல் இறுத்தாள். ஒரு ஸ்ட்ராவைக் கேட்டு வாங்கி அப்பாவிடம் கொடுத்தாள். பூபாலன் ஊதினார். மூன்றாவது மூச்சிலேயே கிளாஸ் பால்போல வெளுத்தது. பார்க்க அதிகாரி யாரும் இல்லை.

பூபாலன் ஸ்ட்ராவை எடுத்துவிட்டு, பழைய ஆய்வகக் குரலில் கேட்டார். "காண்பன?"

"வெளுத்துப்போச்சி."

"அறிவன?"

ரூத் கிளாஸைப் பார்த்தாள். அப்பாவின் இழுக்கிற நெஞ்சையும் ஒட்டிய வயிற்றையும் பார்த்தாள்.

"காலைலேர்ந்து நீ ஒண்ணும் சாப்டலன்னு தெரியுது" என்றாள். "எந்திரி, வூட்டுக்குப் போலாம்."